வாயாடித் தங்கையை வெளியே அனுப்பாதீர்கள்

நடுவர் அவர்களே, எதிரணி நண்பர்களே, பென்னாகரத்திலிருந்தும் அரூரிலிருந்தும் கடைசி பஸ்ஸைப் பற்றிய கவலையோடு வந்து அமர்ந்திருக்கும் தாய்மார்களே, வணக்கம்.

'காவல்துறைத் தொடர்களில் நாயகனின் குடும்பம் கதைக்குப் பலமா, பாரமா?' என்பது தலைப்பு. பலமே என்று வாதாட வந்திருக்கிறேன். எதிரணித் தலைவர் சற்று முன் என்ன சொன்னார்? துப்பறிபவன் தடயத்தைத் தேடும் நேரத்தில் தங்கை வந்து வம்பளந்தால் கதை எப்படி நகரும் என்று கேட்டார். வாயாடிக்கு இரகசியம் தங்காது, அவளுக்குக் காவல் நிலையத்தில் என்ன வேலை என்றும் கேட்டார். கைதட்டலும் கிடைத்தது. அதற்குப் பதிலாக ஒரே ஒரு தங்கையை இந்த மேடைக்கு அழைத்து வருகிறேன்.

அவள் பெயர் பிரான்செஸ்கா வெக்கியோ. 'டியூ சவுத்' என்ற கனடியத் தொடரில் வருகிறாள். 1994இல் தொடங்கி 1999இல் முடிந்த தொடர் அது; குற்ற விசாரணையும் நகைச்சுவையும் கலந்தது. கனடாவின் பனிப் பிரதேசத்திலிருந்து பென்டன் பிரேசர் என்ற சிவப்புச் சீருடைக் காவலன் சிகாகோ நகரத்துக்கு வருகிறான். அங்கே ரே வெக்கியோ என்ற துப்பறியும் அதிகாரியோடு சேர்ந்து வேலை செய்கிறான். ரேயின் தங்கைதான் பிரான்செஸ்கா. ரமோனா மிலானோ என்ற நடிகை அந்த வேடத்தை ஏற்றார்.

எதிரணி கவனிக்கட்டும். பிரேசர் எதற்காகச் சிகாகோவுக்கு வந்தான்? தன் தந்தையைக் கொன்றவர்களைத் தேடி வந்தான். முதல் வழக்கே குடும்பத்திலிருந்துதான் புறப்படுகிறது! அவனுக்குத் துணையாக இருப்பது காது கேளாத ஓர் ஓநாய். பேச்சுத் துணைக்கோ, இறந்துபோன தந்தையின் ஆவிதான் வருகிறது. குடும்பம் இல்லாதவனுக்கும் ஆவியாகவாவது ஒரு தந்தையைக் கொடுக்காமல் அந்தக் கதாசிரியர்களால் கதையை நகர்த்த முடியவில்லை.

ரேயின் வீடு வேறு மாதிரி. இத்தாலிய வம்சாவளிக் குடும்பம். தாய், சகோதரிகள், உறவினர் என ஒரே கூரையின் கீழ் நெரிசல். நம் பாலக்கோட்டுக் கூட்டுக் குடும்பங்களை அறிந்தவர்களுக்கு அந்தச் சாப்பாட்டு மேசையின் சத்தம் நன்றாகவே புரியும். வெளியே துப்பாக்கியோடு மிரட்டித் திரியும் ரே, உள்ளே வந்தால் வெறும் அண்ணன். அவன் கோபத்தைக் கண்டு ஊர் ஒதுங்கும், பிரான்செஸ்கா ஒதுங்கமாட்டாள். மனத்தில் பட்டதை முகத்துக்கு நேரே சொல்லிவிடுவாள். அவள் பேசும்போதுதான் ரே என்ற மனிதன் நமக்குத் தெரிகிறான். வழக்குக் கோப்பு அவனைப் பற்றி நமக்கு என்ன சொல்லிவிடும்?

பிரேசர்மீது அவளுக்குக் காதல். அவனோ மரியாதையாகப் பேசிப் பேசியே நழுவுகிறவன். இந்த விஷயத்தில் கதாசிரியர்கள் அவளைத் தேவைக்கு மேல் சிரிப்புக்குப் பயன்படுத்தினார்கள். எனக்கு அது பிடிக்கவில்லை. ஒரு பெண் தன் விருப்பத்தை ஒளிக்காமல் சொன்னால் அதில் சிரிக்க என்ன இருக்கிறது? பார்வையாளர்கள் சிரித்ததற்காக அவளைக் குறை சொல்லாதீர்கள்.

இனி, இரகசியம் தங்காது என்ற வாதத்துக்கு வருகிறேன். 1997இல் தொடரின் மூன்றாவது பருவம் தொடங்குகிறது. ரேயாக நடித்த டேவிட் மார்சியானோ தொடரின் முதன்மை நடிகர் வரிசையிலிருந்து விலகியிருந்தார். கதையில் என்ன செய்தார்கள்? ரே மாபியா கும்பலுக்குள் மாறுவேடத்தில் போய்விட்டான். அவன் காணாமல் போனது யாருக்கும் தெரியக் கூடாது. அதனால் கோவால்ஸ்கி என்ற வேறோர் அதிகாரி, ரே வெக்கியோ என்ற பெயரிலேயே அதே நிலையத்துக்கு வந்து அமர்கிறான். உருவத்தில் துளியும் ஒற்றுமை இல்லை. அதே காலத்தில் பிரான்செஸ்காவும் அந்த நிலையத்தில் அலுவலக உதவியாளராகச் சேர்கிறாள். முன்பு அந்த வேலையைப் பார்த்த இலெய்ன் என்ற பெண், படித்துத் தேறிச் சீருடை அணிந்த காவலராகவே ஆகிவிட்டாள் என்பதும் எனக்குப் பிடித்த செய்தி.

இப்போது அந்தத் தங்கையின் நிலையைக் கொஞ்சம் எண்ணிப் பாருங்கள், தாய்மார்களே. உடன்பிறந்த அண்ணன் கொலைகாரர்கள் நடுவே இருக்கிறான். அவன் பெயரை வைத்துக்கொண்டு முன்பின் தெரியாத ஒருவன் எதிரே நிற்கிறான். அவனை அண்ணன் என்று நடத்த வேண்டும். அண்ணனோடு சண்டை போட்டதைப் போலவே அவனோடும் சண்டை போட வேண்டும். போடாவிட்டால் பார்க்கிறவர்களுக்குச் சந்தேகம் வரும். வீட்டில் அண்ணன் இருந்த இடம் வெறுமையாகிவிட்டதே என்று அழக்கூட முடியாது. வாய் ஓயாதவள் என்று நீங்கள் முத்திரை குத்தியவள், வாயைத் திறந்துகொண்டே இரகசியத்தைக் காத்தாள். அந்த நிலையத்தில் பதக்கம் பெற்ற எந்த அதிகாரி செய்த வேலைக்கு இது குறைந்தது? இவ்வளவு செய்தவளுக்குத் தனியாக ஒரு பெரிய வழக்கைக் கொடுத்திருக்க வேண்டும் என்பது என் ஆதங்கம்.

நடுவர் அவர்களே, நாம் எந்த ஊரில் நின்று இதைப் பேசுகிறோம்? சேலம் சாலையில் கொஞ்ச தூரம் போனால் அதியமான்கோட்டை. இது தகடூர், இன்றைய தருமபுரி. பரிசில் தரக் காலம் தாழ்த்திய அதியமானின் வாயிற்காவலனிடம், எந்தத் திசைக்குப் போனாலும் எங்களுக்குச் சோறு உண்டு என்று கோபித்துச் சொன்ன ஔவை நடந்த மண். அதே ஔவையைத்தான் அதியமான் தொண்டைமானிடம் தூது அனுப்பினான். நேருக்கு நேர் பேசத் தெரிந்தவளிடம்தான் நாட்டின் பாதுகாப்பை ஒப்படைத்தான்.

இன்னொன்றையும் மறைக்காமல் சொல்ல வேண்டும். பெண் சிசுக்கொலையைத் தடுக்க 1992இல் சேலத்தில் தொடங்கிய தொட்டில் குழந்தைத் திட்டத்தை 2001இல் நம் மாவட்டத்துக்கும் நீட்டிக்க வேண்டியிருந்தது. பெண் குழந்தையைப் பாரம் என்று எண்ணிய வீடுகள் இங்கே இருந்தன. அந்த வீடுகளைத் தாண்டி வந்த பெண்கள் இந்த அரங்கில் இருக்கலாம். அவர்கள் முன்னால், பேசுகிற தங்கை கதைக்குப் பாரம் என்று எதிரணி சொன்னபோது எனக்கு உள்ளபடியே வலித்தது.

அடுத்துப் பேச வரும் எதிரணித் தோழருக்கு ஒரு கேள்வி. நிலையத்தில் ஏதோ ஒரு நாள், கோபத்திலோ துக்கத்திலோ, 'இவன் என் அண்ணன் இல்லை' என்று பிரான்செஸ்கா ஒரு சொல் சொல்லியிருந்தால், மாபியாவின் நடுவில் இருந்த ரே என்ன ஆகியிருப்பான்? முதலில் இதற்குப் பதில் சொல்லிவிட்டு, பிறகு அவளைக் கதையிலிருந்து வெளியே அனுப்பச் சொல்லட்டும். நன்றி, வணக்கம்.