பழைய வீடியோ கேம்கள் நெஞ்சில் நிற்பது ஏன்? கடினமே காரணம்!

மதிப்பிற்குரிய நடுவர் அவர்களே, எனக்கு முன்னால் அழகாகப் பேசி அமர்ந்திருக்கும் எதிரணி நண்பர்களே, ஞாயிற்றுக்கிழமை மாலையை எங்களுக்காக ஒதுக்கி வந்திருக்கும் பெரியோர்களே, பிள்ளைகளே, அனைவருக்கும் வணக்கம்.

"பழைய வீடியோ கேம்கள் இன்றும் நெஞ்சில் நிற்பதற்குக் காரணம் இளமைக்கால ஏக்கமா, அந்த விளையாட்டுகளின் கடினமா?" என்பது தலைப்பு. ஏக்கமே என்று எதிரணித் தலைவர் வாதாடினார். மே மாத விடுமுறை, பாயில் தோளோடு தோள் உரசி உட்கார்ந்த அண்ணன் தம்பிகள், பாட்டி நறுக்கித் தந்த மாம்பழம், மின்சாரம் போனதும் தெருவே எழுப்பிய கூச்சல் என்று அவர் அடுக்கியபோது என் கண்ணும் கலங்கியது. அதை மறைக்க மாட்டேன். கண்ணைத் துடைத்துக்கொண்டு ஒரே ஒரு கேள்வி கேட்கிறேன்.

தொண்ணூறுகளில் நம் ஊர்க் கடைகளுக்கு வந்த டிவி கேம் பெட்டிகள் பெரும்பாலும் ஜப்பானின் நிண்டெண்டோ 1983-இல் வெளியிட்ட ஃபேமிகாம் கருவியின் நகல்கள். பெட்டியோடு ஒரு கேசட் வரும். "9999 இன் 1" என்று கொட்டை எழுத்தில் அச்சிட்டிருப்பார்கள். உள்ளே இருந்தவை சில விளையாட்டுகள்தாம். அவற்றையே பெயர் மாற்றி, எண் மாற்றிப் பக்கம் பக்கமாக நிரப்பியிருப்பார்கள். அந்தப் பட்டியலிலிருந்து இப்போது எத்தனை பெயர் சொல்வீர்கள்? மரியோ வரும். எதிரிகளைச் சுட்டுக்கொண்டே முன்னேறும் காண்ட்ரா வரும். டாங்கிச் சண்டை வரும். இன்னும் இரண்டு வரலாம். மற்றவை எங்கே போயின? அதே பெட்டி, அதே பாய், அதே பாட்டி, அதே மாம்பழம். ஏக்கம்தான் காரணம் என்றால் அந்தக் கேசட்டில் இருந்த அத்தனையும் அல்லவா நினைவில் நிற்க வேண்டும்? நம்மை மண்டியிட வைத்தவை மட்டும் நிற்கின்றன. பத்து நிமிடத்தில் முடிந்துபோனவற்றின் பெயர்கூட நாவில் வரவில்லை.

காண்ட்ராவின் மூன்றாவது ஸ்டேஜ் அருவி. விளையாடியவர்களுக்கு இதைச் சொன்னாலே போதும். மற்றவர்களுக்காகச் சொல்கிறேன். முதல் ஸ்டேஜில் இடமிருந்து வலமாக ஓடிக்கொண்டிருந்த ஆட்டம் இங்கே கீழிருந்து மேலாக ஏறும். பாறைத் திட்டுகளில் தாவித் தாவி ஏற வேண்டும். மேலிருந்து பாறாங்கற்கள் உருண்டு வரும். ஒரு குண்டு பட்டால் ஓர் உயிர் போய்விடும். அதுவரை பாதுகாத்து வைத்திருந்த, குண்டுகளை விசிறிபோல் விரித்துச் சுடும் 'எஸ்' துப்பாக்கியும் கூடவே போய்விடும். மொத்தம் மூன்று உயிர். இரண்டு பேர் சேர்ந்து ஆடினால் இன்னொரு கொடுமை உண்டு. ஒருவர் வேகமாக மேலே ஏறினால் திரை அவரோடு ஏறிவிடும். கீழே தங்கியவர் திரையின் அடிவிளிம்பில் மறைந்து செத்துப்போவார். எதிரி யாரும் சுட வேண்டியதில்லை, கூட வந்தவரின் அவசரமே கொன்றுவிடும்.

நானும் என் அக்காவும் அந்த அருவியில் எத்தனை நாள் செத்தோம் என்று கணக்கில்லை. முதல் வாரம் முழுக்கச் சண்டை. நான் முந்திக்கொண்டு ஏறுவேன், அவள் சாவாள், ஜாய்ஸ்டிக்கைத் தரையில் வைத்துவிட்டு எழுந்து போய்விடுவாள். இரண்டாவது வாரத்தில் எங்களுக்கே தெரியாமல் ஒரு வழக்கம் உருவாயிற்று. நான் ஒரு திட்டில் ஏறி நின்று சுடுவேன்; அவள் ஏறி என் பக்கத்தில் நின்றதும் "உம்" என்பாள்; பிறகுதான் அடுத்த தாவல். தாவல், உம், தாவல், உம். அருவியின் உச்சியில் இரண்டு கைகளை வீசிக்கொண்டு நிற்கும் அரக்கனை நாங்கள் முதன்முறை வீழ்த்திய மாலை, அவளிடம் ஓர் உயிர், என்னிடமும் ஓர் உயிர். எங்கள் வீட்டில் அக்காவும் தம்பியும் சண்டையில்லாமல் ஒரு காரியத்தைச் செய்து முடித்தது அதுதான் முதல் முறை. எதிரணித் தலைவர் இதைக் கேட்டுவிட்டு, "பார்த்தீர்களா, இதுவும் குடும்ப நினைவுதானே!" என்பார். ஆம், குடும்ப நினைவுதான். அதை உண்டாக்கியது எது? அந்த அருவி சுலபமாக இருந்திருந்தால் "உம்" என்ற அந்த ஒற்றைச் சொல் எங்களுக்குள் பிறந்திருக்குமா?

எதிரணியின் இரண்டாவது பேச்சாளர் கூர்மையானவர். அந்தக் காலக் கடினம் திறமையால் வந்ததல்ல, பேராசையாலும் இயலாமையாலும் வந்தது என்றார். காசு போட்டு ஆடும் இயந்திரங்களில் ஆட்டக்காரர் சீக்கிரம் தோற்றால்தான் அடுத்த காசு விழும். வீட்டுக் கருவியிலோ நினைவகம் மிகச் சிறியது, ஆகவே குறைந்த சரக்கை நீண்ட நேரம் ஓட்டக் கடினத்தைக் கூட்டினார்கள் என்றார். இதில் உண்மை இருக்கிறது, நேர்மையாக ஒப்புக்கொள்கிறேன். முதல் சூப்பர் மரியோ விளையாட்டு முழுவதும் வெறும் 40 கிலோபைட்டில் அடங்கியது. இன்று கைபேசியில் எடுக்கும் ஒரு புகைப்படம் அதைப் போலப் பல மடங்கு பெரியது. கேப்காம் நிறுவனம் 1985-இல் வெளியிட்ட 'கோஸ்ட்ஸ் அண்ட் காப்ளின்ஸ்' ஆட்டத்தில் உயிரைக் கொடுத்துக் கடைசி வரை வந்தால், இதெல்லாம் மாயை என்று சொல்லி மறுபடியும் முதலிலிருந்து ஆட வைப்பார்கள். அதை நான் ஆதரித்துப் பேச வரவில்லை. அது அநியாயம். அநியாயத்தையும் கடினத்தையும் ஒரே தட்டில் வைத்து நிறுக்க வேண்டாம் என்பதே என் வேண்டுகோள்.

இயலாமை என்றார்களே, அதற்கு ஒரு கதை உண்டு. 1978-இல் ஜப்பானில் நிஷிகாடோ டொமோஹிரோ என்பவர் 'ஸ்பேஸ் இன்வேடர்ஸ்' விளையாட்டை உருவாக்கினார். திரையில் 55 வேற்றுக்கிரக உருவங்கள் அணிவகுத்து இறங்கும். அத்தனையையும் வரைந்து நகர்த்த அன்றைய சில்லுக்கு மூச்சு வாங்கியது. ஆகவே மெதுவாக நகர்ந்தன. நாம் சுடச் சுட எண்ணிக்கை குறையும், சில்லின் பாரம் குறையும், மிச்சம் இருப்பவை வேகம் எடுக்கும். கடைசியாகத் தப்பிய ஒன்று கண் இமைக்கும் நேரத்தில் இந்தக் கோடிக்கும் அந்தக் கோடிக்கும் ஓடும். இது திட்டமிட்டு வந்ததல்ல, கருவியின் போதாமைதான். நிஷிகாடோ அதைக் கவனித்தார். சரிசெய்யாமல் அப்படியே விட்டார். ஏன்? வெற்றி நெருங்க நெருங்க நெஞ்சு படபடக்கிறது என்று கண்டுகொண்டார். விபத்தாகக் கிடைத்த கடினத்தைக்கூட நல்ல கைவினைஞன் பொன்னாக்கிவிடுவான், நடுவர் அவர்களே.

மரியோவின் முதல் நொடிகளை நினைத்துப் பாருங்கள். திரையின் இடது ஓரத்தில் அவன் நிற்கிறான். வலப்பக்கம் வெட்டவெளி. எந்த விளக்கமும் எழுதியிருக்காது. நடந்தால் எதிரே பழுப்பு நிறத்தில் ஒன்று நெற்றியைச் சுருக்கிக்கொண்டு வருகிறது. தொட்டால் சாவு. செத்து, மறுபடி நடந்து, தாவிப் பார்க்கிறோம். தாவினால் அது நசுங்குகிறது. அடுத்துக் கேள்விக்குறிக் கட்டையை முட்டினால் ஒரு காளான் வருகிறது. எதிரியைப் போலவே இருக்கிறதே என்று பயப்படுகிறோம். அது வலப்பக்கம் ஓடி, குழாயில் மோதி, நம்மை நோக்கித் திரும்பி வருகிறது. பயந்து தாவினாலும் தலைக்கு மேலே இருக்கும் கட்டையில் இடித்துக் கீழே விழுந்து அதன் மேலேயே பட்டுவிடுவோம். பட்டால் மரியோ பெரியவனாகிறான்! காளான் நல்லது என்று இப்படிக் கற்றுக்கொடுத்தார் மரியோவை உருவாக்கிய மியாமோட்டோ ஷிகேரு. 1985-இல் ஒரு வார்த்தை பேசாமல் நடத்திய பாடம் அது. ஆங்கிலம் ஓர் எழுத்துத் தெரியாத நம் தெருப் பிள்ளைகள் அந்தப் பாடத்தில் தேறினார்கள். நம்மை அழ வைக்கும் எண்ணம் அவருக்கு இருந்திருந்தால் அந்தக் குழாயை அங்கே நட்டிருக்க மாட்டார்.

'முப்பது உயிர்' ரகசியத்தையும் எதிரணியினர் எடுத்துப் பேசினார்கள். மேல் மேல் கீழ் கீழ் இடம் வலம் இடம் வலம் பி ஏ என்று பொத்தான்களை வரிசையாக அழுத்தும் குறியீடு அது. விளையாட்டைச் செய்தவர்களே இந்தக் குறுக்கு வழியை வைத்தார்களே, கடினம் அவர்களுக்கே கசந்தது என்பதற்கு இதைவிட என்ன சான்று வேண்டும் என்று கேட்டார்கள். காண்ட்ராவை வெளியிட்ட கோனாமி நிறுவனத்தில் பணியாற்றிய ஹஷிமோட்டோ கஸுஹிஸா 1986-இல் 'கிராடியஸ்' என்ற விண்கல ஆட்டத்தை ஃபேமிகாமுக்கு மாற்றியபோது, அது தமக்கே கடினமாக இருந்ததால் சோதித்துப் பார்க்க வசதியாக இந்தக் குறியீட்டை வைத்தார். பிறகு காண்ட்ராவிலும் அது வந்து முப்பது உயிர் தந்தது. சரி. முப்பது உயிர் வந்ததும் குண்டின் வேகம் குறைந்ததா? ஒரு குண்டுக்கு ஓர் உயிர் என்ற விதி மாறியதா? அருவியின் உயரம் ஒரு சாணாவது இறங்கியதா? விழுந்து விழுந்து பழக அவகாசம் கூடியது, அவ்வளவே. நம் கிராமத்துக் கோயில் திருவிழாவில் வழுக்குமரம் நடுவார்கள். ஏறத் தெரியாத பிள்ளைக்கு இன்னும் பத்து முறை வாய்ப்புக் கொடுப்பார்கள். கீழே நின்று தோள் கொடுப்பார்கள். மரத்தில் தடவிய எண்ணெயை யாராவது துடைத்துவிடுகிறார்களா?

இப்போது ஏக்கமே இல்லாத இடத்துக்கு உங்களை அழைத்துப் போகிறேன். 2009-இல் மியாசாகி ஹிடெடாகா இயக்கத்தில் ஃப்ரம்சாஃப்ட்வேர் நிறுவனம் பிளேஸ்டேஷன் 3-க்காக 'டெமன்ஸ் சோல்ஸ்' என்ற விளையாட்டை உருவாக்கியது. சோனியின் விளையாட்டுப் பிரிவுத் தலைவர்களில் ஒருவர் ஏறத்தாழ இரண்டு மணி நேரம் ஆடிப் பார்த்தும் தொடக்கத்தைத் தாண்ட முடியவில்லை. மோசமான விளையாட்டு என்று முடிவு கட்டினார். அமெரிக்காவில் அதை வெளியிட சோனி முன்வரவில்லை. அட்லஸ் என்ற இன்னொரு நிறுவனம் வெளியிட்டது. பிறகு நடந்தது ஊரறிந்தது. அதே மியாசாகியின் கைவண்ணத்தில் 2022-இல் வந்த 'எல்டன் ரிங்' ஓராண்டுக்குள் இரண்டு கோடிப் பிரதிகளைத் தாண்டி விற்றது. அதில் எந்த மாம்பழம் இருந்தது? எந்தப் பாட்டி இருந்தாள்? புத்தம் புது விளையாட்டு, இரக்கமில்லாத விளையாட்டு. கோடிக்கணக்கானோர் அதைத் தேடிப்போய்த் தோற்றார்கள், தோற்ற கதையைக் கண்கள் மின்னச் சொல்லிக்கொண்டார்கள்.

இன்னும் ஒன்று. 1989-இல் நிண்டெண்டோ கருவிக்கு வந்த, மேலிருந்து விழும் கட்டைகளை அடுக்கும் டெட்ரிஸ். அதில் 29-ஆவது லெவல் வந்ததும் கட்டைகள் விழும் வேகத்தில், பொத்தானை அழுத்திப் பிடித்தால் கட்டை ஓரம் போய்ச் சேருவதற்குள் தரையைத் தொட்டுவிடும். அதோடு ஆட்டம் முடிந்தது என்று பல ஆண்டுகள் எல்லோரும் நம்பினார்கள். பிறகு வந்த தலைமுறை புதுக் கைவேலை ஒன்றைக் கண்டுபிடித்தது. ஒரு விரலைப் பொத்தானின் மேல் மெல்ல ஊன்றிக்கொண்டு, கையில் பிடிக்கும் கட்டுப்பாட்டுக் கருவியின் முதுகை மறுகை விரல்களால் தபேலா வாசிப்பதுபோல் வரிசையாகத் தட்டினார்கள். 2023 டிசம்பரில் அமெரிக்காவில் 13 வயதுச் சிறுவன் ஒருவன் 157-ஆவது லெவல் வரை போனான். இதற்கு மேல் தாங்காது என்று விளையாட்டே திகைத்து உறைந்து நின்றது. மனிதர் யாரும் அதற்கு முன் அங்கே போனதில்லை. அவன் பிறப்பதற்கு இருபது ஆண்டுகளுக்கு முன்பே வந்த விளையாட்டு அது. அவனுக்கு எந்த இளமைக்கால ஏக்கம், நண்பர்களே? அவனே இளமையில்தானே இருக்கிறான்!

மூன்றாவதாகப் பேசிய சகோதரி, வேலைக்கும் வீட்டுக்கும் நடுவே அரை மணி நேரம் கிடைப்பவருக்கும், கை விரல்கள் ஒத்துழைக்காதவருக்கும் இந்தக் கடினத்தால் என்ன பயன் என்று கேட்டார். நியாயமான கேள்வி. 2018-இல் வந்த 'செலஸ்ட்' என்ற மலையேறும் விளையாட்டில் வேகத்தைக் குறைத்துக்கொள்ள, விழாமல் ஏற உதவிகள் வைத்தார்கள், வேண்டுவோர் எடுத்துக்கொள்ளலாம். அதே ஆண்டு மைக்ரோசாஃப்ட் மாற்றுத்திறனாளிகளுக்கென்று தனிக் கட்டுப்பாட்டுக் கருவி வெளியிட்டது. இரண்டையும் முழு மனத்தோடு வரவேற்கிறேன். கருவியைப் பிடிக்க முடியாதது ஒரு தடை. அதை நீக்கியே ஆக வேண்டும். மலையின் உயரம் தடை இல்லை, அதற்காகத்தான் அவரும் வருகிறார்.

நடுவர் மணியைத் தொடுகிறார். ஒரே ஒரு செய்தி சொல்லி முடிக்கிறேன். போன கோடை விடுமுறைக்கு அக்காவின் மகள் எங்கள் வீட்டுக்கு வந்திருந்தாள். பதினோரு வயது. பரணிலிருந்து பழைய பெட்டியை இறக்கித் துடைத்து மாட்டிக் கொடுத்தேன். எங்கள் பாட்டியை அவள் பார்த்ததில்லை, அந்த மே மாதங்களும் அவளுக்குத் தெரியாது. அருவியில் நாலைந்து முறை செத்ததும் என்னைப் பார்த்தாள். இரக்கப்பட்டு முப்பது உயிர் ரகசியத்தைச் சொல்லிக் கொடுத்தேன். மதியத்துக்குள் எட்டு ஸ்டேஜையும் முடித்துவிட்டுச் சாப்பிடப் போனாள். சாப்பிடும்போது அதைப் பற்றி ஒரு வார்த்தை பேசவில்லை. மறுநாள் காலை ஆறரை மணிக்குக் கூடத்தில் துப்பாக்கிச் சத்தம். போய்ப் பார்த்தால் குறியீடு இல்லாமல், மூன்று உயிர் ஆட்டத்தில் அருவியில் நிற்கிறாள். "அந்தக் குறியீட்டை மறந்துவிட்டாயா?" என்றேன். "மறக்கவில்லை மாமா. முப்பது இருந்தால் ஒன்று போனாலும் வலிக்கவே மாட்டேன் என்கிறது" என்றாள். சொல்லி முடிப்பதற்குள் மேலிருந்து ஒரு பாறாங்கல் உருண்டு வந்து மூன்றாவது உயிரையும் எடுத்துக்கொண்டது. அவள் திரையிலிருந்து கண்ணை எடுக்காமல் ஸ்டார்ட் பொத்தானை அழுத்தினாள்.

தீர்ப்பை எங்கள் அணிக்கு வழங்குமாறு நடுவர் அவர்களைக் கேட்டு அமர்கிறேன். நன்றி, வணக்கம்.