விடைக்கோழியும் தோல்முட்டையும்

நாகர்கோவில் வானொலி நேயர்களுக்கு வணக்கம்.

விடைக்கோழி முட்டை வைக்கத் தொடங்கும் நாட்களில், ஓடே இல்லாமல் தளதளவென்று ஒரு தோல்முட்டை கூட்டில் கிடக்கும். கண்ணேறு என்பார் பாட்டி. டானிக் வாங்கி வரவா என்பார் மகன். இரண்டும் வேண்டாம். முதல் இரண்டு மூன்று வாரங்களில் இப்படி ஒன்றிரண்டு வருவது சகஜம்தான்.

ஒரு முட்டை உருவாக ஏறக்குறைய 25 மணி நேரம் ஆகிறது. அதில் 20 மணி நேரம் ஓடு பிடிப்பதற்கே போய்விடும். புதுக்கோழிக்கு இந்தக் கணக்கு இன்னும் படிந்திருக்காது. சில நாள் இரண்டு கரு அடுத்தடுத்து இறங்கிவிடும். சேர்ந்து வந்தால் இரட்டைக்கரு முட்டை. பிந்தி வந்தது ஓடு பிடிக்குமுன் வெளியே விழுந்தால் தோல்முட்டை.

ஒரு மாதம் கழிந்தும் ஓடு மெலிதாகவே இருந்தால் தீவனத்தைப் பாருங்கள். ஒரு முட்டை ஓட்டுக்குச் சுமார் 2 கிராம் கால்சியம் வேண்டும். நாம் போடுவதோ பழஞ்சோறு, தவிடு, அவித்த மரச்சீனி. வயிறு நிறையும், ஓடு பிடிக்காது. குறைகிற சத்தைக் கோழி தன் எலும்பிலிருந்து எடுக்கும். அது எத்தனை நாளைக்கு?

ஓடு பெரும்பாலும் ராத்திரியில்தான் பிடிக்கிறது. அப்போது கோழி எதையும் கொத்துவதில்லை. அதனால் சாயங்காலம் உள்ளே போவது மெதுவாகக் கரைய வேண்டும். மாவாக இடித்த சுண்ணாம்புத்தூள் சீக்கிரம் கரைந்துவிடும். உடைத்த உளுந்து அளவுள்ள துண்டு இரவெல்லாம் நிற்கும். இதற்குக் கடைக்குப் போகவேண்டியதில்லை. குளச்சல், கடியபட்டணம் பக்கம் சிப்பி தின்றுவிட்டு ஓட்டைக் குவித்துப் போடுகிறோமே, அதுவே போதும். உப்புப் போகக் கழுவி, கொதிக்கவைத்து, வெயிலில் காயவிட்டு, சாக்கில் கட்டித் தட்டுங்கள். கூரிய சில்லுகளைப் பொறுக்கிவிடுங்கள். தீவனத்தில் கலக்காமல் தனிச் சிரட்டையில் வையுங்கள். வேண்டிய கோழி வேண்டிய அளவு கொத்திக்கொள்ளும். சேவலுக்கு அது தேவையில்லை.

கடைத்தீவனம் போடுகிறவர்கள் அவசரப்படாதீர்கள். முட்டைக்கோழித் தீவனத்தில் கால்சியம் 3.5 முதல் 4 சதவீதம் வரை இருக்கும். குஞ்சுப் பருவத்திலேயே அதைத் தொடங்கினால் சிறுநீரகம் கெடும். கொண்டை சிவந்து, முதுகில் கை வைத்தால் பதுங்கி உட்காரும் பாருங்கள், அப்போது மாற்றலாம்.

பங்குனி, சித்திரை வெக்கையில் கோழி வாயைத் திறந்து இளைக்கும்போதும் ஓடு மெலியும். சிப்பி மட்டும் போட்டுப் பயனில்லை. நிழலும் குளிர்ந்த தண்ணீரும் வேண்டும். நாய் விரட்டினாலும் வெடிச்சத்தம் கேட்டாலும் ஓட்டில் வளையம்போல் ஒரு தடிப்பு விழலாம். அதற்கு மருந்து எதுவும் வேண்டாம். ஆனால் பல கோழிகள் ஒரே சமயத்தில் சுருங்கின ஓடாக வைத்து, தும்மி, மூச்சில் கரகரப்பும் கேட்டால் அது நோயாக இருக்கலாம். தாமதிக்காமல் கால்நடை மருந்தகத்தில் காட்டுங்கள்.

அப்புறம், தோல்முட்டையைக் கண்டதும் கூட்டிலிருந்து எடுத்துவிடுங்கள். அது உடைந்து ருசி கண்டுவிட்டால், மற்றக் கோழிகள் நல்ல முட்டையையும் கொத்தத் தொடங்கிவிடும். நன்றி, வணக்கம்.