பக்தியைக் காட்டுறது கோயிலா, துணியா? – 'துணிதான்' அணியோட பேச்சு

நடுவர் ஐயாவுக்கு வணக்கம். இந்தியாவைச் சுத்திப் பாக்குறவனுக்கு இந்த நாட்டு பக்தியைக் கிட்ட காட்டுறது கோயிலா துணியாங்கறதுதான் கேள்வி, எங்க அணி துணிங்குது. எதிரணி அண்ணன், சாமியை நேர்ல பாக்குற சுகம் தறியில வருமான்னு கேட்டுட்டுப் போனாரு, செம கைதட்டு வேற. ஐயா, திருப்பதில மணிக்கணக்கா க்யூல நின்னு உள்ள போனா 'ஜருகண்டி ஜருகண்டி'ன்னு தள்ளி விட்டுடுறாங்க, பெருமாளைப் பாத்தோமா முன்னாடி நின்னவர் மொட்டையைப் பாத்தோமான்னே தெரியல!

பக்கத்துலயே காளஹஸ்தி. ராகு கேது பூஜைக்குப் போறவங்க முடிச்ச கையோட பஸ் ஏறிடுறாங்க, அதே ஊர்லதான் துணில கையால சாமி கதையை வரையற கலம்காரி வரையறாங்க. காடாத் துணியை கடுக்காய்லயும் எருமைப்பால்லயும் ஊற வெச்சு காயப் போடுறாங்க, பால் கொழுப்பு இருந்தாதான் சாயம் கசியாம கோடு நிக்கும். கறுப்புக்கு என்ன தெரியுமா, துருப்பிடிச்ச இரும்பையும் வெல்லத்தையும் தண்ணில போட்டு நாள்கணக்கா ஊற விட்ட சாறு, துணில இருக்கிற கடுக்காய் மேல பட்டதும் அப்படியே கறுத்துடுது. பேனான்னு பாத்தா சீவின மூங்கில் குச்சி, நுனிக்கு மேல துணியைச் சுத்தி நூல் கட்டியிருக்கும், அதை விரலால அமுக்க அமுக்க சாயம் இறங்குது, ராமரோட புருவம் வரைக்கும் அந்தக் குச்சிலதான். எவ்ளோ நேரம் வேணா நின்னு பாருங்க, ஒருத்தரும் ஜருகண்டி சொல்ல மாட்டாங்க.

பூரி தேரைப் பத்தி எதிரணி அக்கா உருகி உருகிப் பேசினாங்க. ஜெகந்நாதருக்குச் சாத்துற பட்டுல கீதகோவிந்தப் பாட்டு வரியையே நெய்யறாங்களே, அதே ஒடிசால இருக்கிற நுவாபட்னா ஊர் நெசவாளிங்க, அதை ஏன்க்கா விட்டுட்டீங்க? அச்சடிச்ச எழுத்து இல்லங்க அது, நூலை முன்கூட்டியே அங்கங்க கட்டிச் சாயத்துல முக்கி, தறில நெய்ய நெய்யத்தான் எழுத்தாத் தெரியும்.

அகமதாபாத்ல மாதா நி பச்சேடின்னு ஒண்ணு. கோயிலுக்குள்ள விடாம வெளியிலயே நிறுத்தி வெச்ச ஜனங்க, துணியில அம்மனை எழுதி அதைச் சுத்திக் கட்டி அதையே கோயிலாக்கிக் கும்பிட்டாங்க. நடுவுல அம்மன், சுத்தி அவ கதை, சிவப்பும் கறுப்பும்தான் முக்கால்வாசி. கோபுரத்தைப் பத்தி மட்டும் பேசுற அணி இதுக்கு என்ன பதில் வெச்சிருக்கு?

காசில கங்கைல முங்கி எழுந்த அண்ணன் நெசவாளிங்க இருக்கிற மதன்புரா சந்துக்குள்ள எட்டிப் பாத்தாரான்னு கேளுங்க. கபீர்தாசரே அந்த ஊர் நெசவுக்காரர்தான். இன்னைக்கும் பனாரஸ் பட்டு நெய்யறது பெரும்பாலும் முஸ்லிம் குடும்பங்க, அவங்க நெய்த சேலையைக் கட்டிக்கிட்டு எத்தனையோ கல்யாணப் பொண்ணுங்க அக்னியைச் சுத்தி வர்றாங்க, இதைவிட என்னங்க வேணும்.

கைத்தறின்னு சொல்லி பவர்லூமைத் தலையில கட்டிடுறாங்கன்னு எதிரணில சொன்னாங்க. கட்டுறாங்கதான், நான் இல்லைங்கல. ஆனா ஸ்பெஷல் தரிசனம் வாங்கித் தர்றேன்னு கோயில் வாசல்ல புரோக்கர் நிக்கலையாங்க? மணி அடிச்சுட்டீங்க ஐயா, மிச்சத்தை எங்க அணி தங்கச்சி பாத்துக்கும்.