தனம்மாள் வீட்டு வெள்ளிக்கிழமை

வணக்கம். இந்தக் காணொளியின் முதல் அரை நிமிடத்தில் நான் வாயைத் திறக்காமல் நின்றதைப் பார்த்து, ஒலி வரவில்லையோ என்று உங்களில் சிலர் கைப்பேசியைத் தட்டிப் பார்த்திருப்பீர்கள். ஒலி சரியாகத்தான் இருந்தது. நீங்கள் கேட்டது சென்னை ஜார்ஜ் டவுனின் வெள்ளிக்கிழமை மாலை: மீன்பாடி வண்டிக்காரர் ஒருவர் வழி கேட்டுக் கத்தியது, பின்னால் வந்த சரக்கு வண்டி விடாமல் ஒலியெழுப்பியது, ஏதோ ஒரு கடையின் இரும்புக் கதவு இழுத்து மூடப்பட்டது. இந்த இரைச்சலைக் கொஞ்சம் மனத்தில் வைத்துக்கொள்ளுங்கள். இன்று நான் பேசப்போவது முழுவதும் இதற்கு நேர்மாறான ஒன்றைப் பற்றியது.

இந்தப் பகுதியில், இராமகிருஷ்ணா தெருவில் இருந்த ஒரு வீட்டில், வெள்ளிக்கிழமை மாலைகளில் வீணை தனம்மாள் வாசிப்பார். நுழைவுச் சீட்டு கிடையாது, மேடை கிடையாது, மிருதங்கமும் கிடையாது. ஓர் அறை, ஒரு வீணை, அதனோடு சேர்ந்து தாழ்ந்த குரலில் அவரே பாடும் பாட்டு, எதிரே தரையில் உட்கார்ந்திருக்கும் சிலர் என்ற அளவில் நடந்த அந்தக் கூட்டத்துக்கு, சென்னையில் பெயர் பெற்ற வித்துவான்களே ரசிகர்களாக வந்து அமர்ந்தார்கள். வந்தவர்கள் பேசக் கூடாது என்பது அந்த வீட்டின் எழுதாத சட்டம். கதவு எண்ணைத் தேடிப் பிடித்து, இதுதான் அந்த இடம் என்று யாரோ ஒருவருடைய வாசலை உங்களுக்குப் படம் பிடித்துக் காட்டும் எண்ணம் எனக்கு இல்லை. இந்தத் தெருக்களில் குடியிருப்பவர்களுக்கும் வியாபாரம் செய்பவர்களுக்கும் வேறு வேலை இருக்கிறது. அதனால் முனையிலேயே நின்று சில காட்சிகளை எடுத்துக்கொண்டு வீடு திரும்பி, இப்போது என் அறையிலிருந்து பேசுகிறேன்.

தனம்மாள் 1867-இல் பிறந்தவர், 1938-இல் மறைந்தவர். பாட்டி காமாட்சி தஞ்சாவூர் அரசவையோடு தொடர்புடைய நடனக் கலைஞர். தாய் சுந்தரம்மாள், சியாமா சாஸ்திரிகளின் மகன் சுப்பராய சாஸ்திரிகளிடம் நேரடியாகப் பாடம் கேட்டவர். தனம்மாளுக்கும் சாத்தனூர் பஞ்சு ஐயர் போன்றவர்களின் வழியாக, தியாகராஜர், முத்துசுவாமி தீட்சிதர், சியாமா சாஸ்திரிகள் என்ற மும்மூர்த்திகளின் கீர்த்தனைகள் கிடைத்தன. பார்வையற்றவரான பாலதாஸ் நாயுடு என்பவர் க்ஷேத்ரக்ஞரின் பதங்களை, அதாவது நிதானமாகப் பாடும் காதல் பாட்டுகளை, கற்றுக்கொடுத்தார். இலகுவான காதல் பாட்டுகளான ஜாவளிகளுக்குப் பெயர்போன தர்மபுரி சுப்பராயர் இந்த வீட்டுக்கு மிகவும் நெருங்கியவர். அவருடைய ஜாவளிகள் இன்று நாம் கேட்கும் மெருகோடு தப்பிப் பிழைத்ததற்கு இந்தக் குடும்பமே காரணம் என்று நான் தயங்காமல் சொல்வேன். இவர்கள் தேவதாசி மரபைச் சேர்ந்தவர்கள் என்பதை, பூசி மெழுகாமல், இந்த இடத்திலேயே சொல்லிவிடுகிறேன். வீட்டின் தலைமை பெண்களிடம் இருந்தது, சொத்தும் வித்தையும் தாயிடமிருந்து மகளுக்கு வந்தன, யார் வரலாம் யார் வரக் கூடாது என்பதை அந்தப் பெண்களே முடிவு செய்தார்கள். சபாக்களின் நிர்வாகக் குழுக்களில் பெண்களுக்கு நாற்காலியே இல்லாத காலத்தில் ஒரு பெண்மணி தன் கூடத்தில் தான் வகுத்த விதிப்படி ஊர்ப் பெரியவர்களை உட்கார வைத்தார் என்பது, இசையைத் தாண்டியும் எனக்கு வியப்பளிக்கும் செய்தி.

வீட்டில் பாட்டுக் கேட்பது இந்த ஊருக்குப் புதிதல்ல. தியாகராஜ சுவாமிகள் சென்னைக்கு வந்தபோது இதே பகுதியில், பந்தர் தெருவில் இருந்த கோவூர் சுந்தரேச முதலியாரின் வீட்டில் தங்கினார் என்பது வழிவழியாகச் சொல்லப்படுவது. அந்த நட்பின் பேறாகத்தான் கோவூர் பஞ்சரத்தினம் என்ற ஐந்து கீர்த்தனைகள் நமக்குக் கிடைத்தன. மணலி முத்துக்கிருஷ்ண முதலியாரின் ஆதரவில் இராமசுவாமி தீட்சிதரின் குடும்பம் மணலிக்கு வந்து தங்கியதும், அவ்வீட்டுப் பிள்ளையான சின்னைய முதலியாரின் உதவியால் இராமசுவாமி தீட்சிதரின் மகன் இளம் முத்துசுவாமி தீட்சிதர் கோட்டையில் மேல்நாட்டு வாத்தியக் குழுவைக் கேட்டதும், அதிலிருந்து, மேல்நாட்டு மெட்டுகளில் அமைந்த நோட்டு சுவரங்கள் பிறந்ததும் பலருக்குத் தெரிந்திருக்கும். ஆனால் அவையெல்லாம் செல்வந்தர் வீட்டுக்குக் கலைஞர் போன கதைகள். தனம்மாளின் வெள்ளிக்கிழமை, கலைஞர் வீட்டுக்குச் செல்வந்தர் வந்த கதை. இரண்டுக்கும் உள்ள தூரம் பெரியது.

இப்போது அந்த மௌனத்துக்கு வருகிறேன். தனம்மாளைப் பற்றி எழுதுபவர்கள் எல்லோரும் இதை அவருடைய கண்டிப்புக்குச் சான்றாகவே சொல்லிவிட்டுப் போகிறார்கள்: கோபக்காரர், இருமினால் முறைப்பார், சத்தம் கேட்டால் வாசிப்பை நிறுத்திவிடுவார் என்ற ரீதியில். பதினொரு வருடங்களாக வீணை கற்றுக்கொண்டு இன்னும் மாணவியாகவே இருக்கும் எனக்கு அந்த விளக்கம் ஒருபோதும் நிறைவளித்ததில்லை. அது குணம் சம்பந்தப்பட்ட விஷயமே அல்ல, வாத்தியம் சம்பந்தப்பட்ட விஷயம் என்று எனக்கு ஒரு சந்தேகம் இருந்தது. அதைச் சோதித்துப் பார்க்கப் போன ஞாயிற்றுக்கிழமை ஒரு சிறு காரியம் செய்தேன்.

எங்கள் வீட்டுக் கூடத்தில் வீணையோடு உட்கார்ந்தேன். ஒலிவாங்கி இல்லை. தங்கையை ஒரு சுண்ணக்கட்டியோடு எதிரே நிறுத்தி, நான் வாசிக்க வாசிக்க ஓர் அடி ஓர் அடியாகப் பின்னால் போகச் சொன்னேன். கேட்கும்வரை போக வேண்டும், கேட்காவிட்டால் தரையில் கோடு போட வேண்டும். முதலில் வெறும் மீட்டு, அதாவது தந்தியை ஒருமுறை சுண்டுவது. வாசலைத் தாண்டிப் படிக்கட்டு வரை போய், "இன்னும் கேட்குதுக்கா" என்றாள். அடுத்ததாக யதுகுலகாம்போதி இராகத்தில் ஒரு பிடியை, அதாவது ஒரு சிறு சுவரக் கோவையை, ஒரே மீட்டில், தந்தியை மெட்டின் (விரல் அழுத்தும் உலோகக் கட்டையின்) மேல் பக்கவாட்டில் இழுத்து இழுத்து, ஐந்தாறு சுவரங்கள் வரும்படி வாசித்தேன். மீட்டின் ஓசை முன்போலவே படிக்கட்டு வரை போனது. ஆனால் அதைத் தொடர்ந்து இழுப்பில் பிறந்த சுவரங்களில் முதல் இரண்டுதான் கூடத்தின் பாதி வரை கேட்டன. கடைசிச் சுவரம் கேட்க அவள் இன்னும் நெருங்கி வர வேண்டியிருந்தது. கோடு போட்டது எங்கே தெரியுமா? என்னிடமிருந்து ஒன்பதாவது அடியில். அதுவும் மின்விசிறியை நிறுத்திய பிறகு. விசிறி ஓடும்போது மூன்றாவது அடியிலேயே கோடு விழுந்துவிட்டது. அம்மா சமையலறையில் குக்கரை ஏற்றியதும் சோதனையை நிறுத்திவிட்டோம்.

வீணை வாசிக்காதவர்களுக்காகச் சற்று விளக்குகிறேன். வீணையில் வாசிப்புக்கு நான்கு தந்திகள், தாளத்துக்குப் பக்கத்தில் மூன்று. மெழுகில் பதித்த இருபத்து நான்கு மெட்டுகள். தந்தியை மீட்டியவுடன் எழும் ஓசை அந்த நொடியிலிருந்தே தேயத் தொடங்குகிறது. வயலினில் வில்லை இழுத்துக்கொண்டே இருக்கலாம், குரலில் மூச்சு உள்ளவரை நீட்டலாம். வீணையில் அந்த வசதி இல்லை. ஆகவே சத்தம் வேண்டும் என்றால் அடிக்கடி மீட்ட வேண்டும். இராகத்தின் நெளிவு வேண்டும் என்றால் ஒரே மீட்டில், தேய்ந்துகொண்டே போகும் ஓசைக்குள், இடது கை விரல்களால் தந்தியை இழுத்து வரவழைக்க வேண்டும். தனம்மாள் இரண்டாவது வழியைத் தேர்ந்தவர். அதுவும் விரல்களில் உலோக வளையம் மாட்டிக்கொள்ளாமல், நகத்தாலேயே மீட்டியவர். அந்த ஓசை எவ்வளவு மென்மையாக இருந்திருக்கும் என்று எண்ணிப் பாருங்கள். அந்த அறையில் ஒருவர் வெற்றிலையை மடிக்கும் சத்தம்கூட ஒரு சுவரத்தை விழுங்கியிருக்கும். கேட்க வந்தவர்களை அவர் அடக்கி வைத்தார் என்று சொல்வதைவிட, கேட்பவர்களின் மௌனத்தையும் தம் வாத்தியத்தின் ஒரு பகுதியாக வைத்துக்கொண்டார் என்று சொல்வதே பொருத்தம். பிற்காலத்தில் அவருக்குப் பார்வை போய்விட்டது. காது மட்டுமே துணையாக இருந்தவருக்கு அந்த அமைதி இன்னும் எவ்வளவு தேவைப்பட்டிருக்கும் என்பதையும் இதோடு சேர்த்துக்கொள்ளலாம்.

அதே ஆண்டுகளில் வெளியே ஊர் மாறிக்கொண்டிருந்தது. 1927-இல் சென்னையில் நடந்த காங்கிரஸ் மாநாட்டையொட்டிய இசை மாநாட்டின் விளைவாக, அடுத்த ஆண்டே மியூசிக் அகாடமி தொடங்கப்பட்டது. சீட்டு வாங்கிக்கொண்டு நூற்றுக்கணக்கானவர்கள் உட்காரும் கொட்டகைகள் வந்தன. அவ்வளவு பேரையும் கட்டிப்போடும் விதத்தில், விறுவிறுப்பான வர்ணத்தில் தொடங்கிச் சிறுசிறு கீர்த்தனைகளாக அடுக்கும் கச்சேரி முறையை அரியக்குடி இராமானுஜ ஐயங்கார் நிலைநிறுத்தினார். பின்னாலேயே ஒலிபெருக்கியும் வந்துவிட்டது. இதில் யாரையும் குறை சொல்வதற்கில்லை. அரியக்குடி இல்லாவிட்டால் என் தாத்தாவைப் போன்ற ஒரு குமாஸ்தா காம்போதியைக் கேட்டே இருக்க மாட்டார், ஏனென்றால் தனம்மாளின் கூடத்துக்குள் அவரை யார் விட்டிருப்பார்கள்? கதவு மூடிய கூடத்துக்கு அந்தக் குறை உண்டு, அதை மறைக்க வேண்டியதில்லை. ஆனாலும் கொட்டகைக்கு வெளியே நின்றுவிட்டது எது என்பதையும் நாம் கணக்கில் எடுத்துக்கொள்ள வேண்டும். ஒன்பது அடிக்கு மேல் போகாத சங்கீதம் நின்றுவிட்டது. ஒலிபெருக்கி அதை உரக்கச் சொல்லும், உண்மைதான். ஆனால் மீட்டையும் சேர்த்தே உரக்கச் சொல்லிவிடுவதால், மீட்டுக்கும் இழுப்புக்கும் இடையிலான அந்த அளவு கெட்டுப்போகிறது. முன்வரிசையில் உட்கார்ந்து வீணைக் கச்சேரி கேட்டவர்களுக்கு, தந்தியின் ஓசையைவிட விரல் உரசும் சத்தம் பெரிதாகக் கேட்கும் அவஸ்தை தெரிந்திருக்கும். சென்ற ஆண்டு ஒரு மண்டபத்தில் நான் வாசித்தபோது, ஒலியமைப்பாளர் என் தாளத்தந்தியைத் தம்பட்டம் போல் ஆக்கிவிட்டார். அந்த மண்டபத்தின் பெயர் வேண்டாம்.

தனம்மாளின் வாசிப்பில் நம் கைக்கு மிஞ்சியிருப்பவை, 1932-இல் கொலம்பியா நிறுவனம் பதிவு செய்த இசைத்தட்டுகள். அந்தக் காலத் தட்டின் ஒரு பக்கத்தில் மூன்று நிமிடத்துக்குச் சற்றே அதிகமாகத்தான் இடம் இருக்கும். அப்போது அவருக்கு வயது அறுபத்தைந்து. மாலை முழுவதும் ஓர் அறையில் மெல்ல விரியும் ஒன்றை மூன்று நிமிடத்துக்குள் மடித்துக் கொடுக்கச் சொன்னால் என்ன கிடைக்கும் என்று ஐயப்படுபவர்கள், அவற்றை ஒருமுறை கேட்டுவிட்டுப் பேசுங்கள். முதல் தடவை எனக்கு உரசல் சத்தம்தான் கேட்டது. பத்தாவது தடவையில்தான் அந்த உரசலுக்குக் கீழே, மீட்டு அடங்கிய பிறகும் நடந்துகொண்டே இருக்கும் ஒன்று காதில் பிடிபட்டது.

ஆனால் அந்த வீட்டின் வாசிப்பு இசைத்தட்டில் மட்டும் தங்கவில்லை. இராஜலட்சுமி, இலட்சுமிரத்தினம், ஜெயம்மாள், காமாட்சி என்று தனம்மாளுக்கு நான்கு மகள்கள், நால்வரும் பாடகிகள். காமாட்சியின் மகள்களே டி. பிருந்தாவும் டி. முக்தாவும், ஜெயம்மாளின் பிள்ளைகளே நடனமணி பாலசரசுவதியும், மிருதங்கக் கலைஞர் டி. இரங்கநாதனும், புல்லாங்குழல் கலைஞர் டி. விசுவநாதனும். பிருந்தாவின் பதங்களைக் கேட்டால், பாட்டியின் வீணை இழுப்பு தொண்டைக்குள் குடியேறிவிட்டதோ என்று தோன்றும். சொற்களை அவ்வளவு நிதானமாக, ஓரிடத்தில்கூட உதறாமல், நழுவ விட்டுப் பாடுவார். தங்கள் பெயர் ஏற்கெனவே ஊரெல்லாம் பரவியிருந்த பாடகர் செம்மங்குடி சீனிவாச ஐயர் போன்றவர்களும் அவரிடம் பதம் கற்றுக்கொண்டார்கள். பாலசரசுவதி அபிநயத்தின்போது ஒரே வரியைத் திரும்பத் திரும்ப வேறு வேறு பொருளில் காட்டியதற்கும், ஒரே மீட்டில் ஆறு சுவரம் எடுத்ததற்கும் உறவு இருப்பதாக எனக்குப் படுகிறது. ஒன்றை எடுத்தால் அது தேயும்வரை அதை விட்டுப் போகாத பழக்கம் அது. பாலசரசுவதிக்கு 1973-லும், பிருந்தாவுக்கு 1976-லும், விசுவநாதனுக்கு 1988-லும் தன் உயரிய விருதான சங்கீத கலாநிதி பட்டத்தை அளித்தது அதே மியூசிக் அகாடமிதான். விசுவநாதன் அமெரிக்காவின் வெஸ்லியன் பல்கலைக்கழகத்தில் ஆசிரியராக இருந்தார். ஜான் ஹிக்கின்ஸ் என்ற அமெரிக்கர் நாம் ஹிக்கின்ஸ் பாகவதர் என்று செல்லமாக அழைக்கும் அளவுக்குத் தமிழகத்தில் பாடி நின்றது அவரிடம் பெற்ற பயிற்சியால்தான். ஜார்ஜ் டவுன் கூடத்தின் பாடாந்தரம், அந்த வீட்டுப் பாட்டு மரபு, வெஸ்லியன் இருக்கும் கனெக்டிகட் மாநிலத்துப் பனியில் போய் உட்கார்ந்திருக்கிறது.

சென்ற காணொளிக்குக் கீழே ஒரு நேயர், வீட்டுக் கச்சேரி வைக்க ஆசை, எத்தனை பேரை அழைக்கலாம் என்று கேட்டிருந்தார். வீணை என்றால், அம்மா, பன்னிரண்டு பேருக்கு மேல் வேண்டாம். கூடத்தின் நீளமான சுவரை ஒட்டி வாசிப்பவரை உட்கார வைத்து, மற்றவர்களை அரைவட்டமாகத் தரையில் அமர்த்துங்கள். நாற்காலி வேண்டியவர்களுக்குப் பின்னால் போடுங்கள், நாற்காலி கிறீச்சிடாமல் பார்த்துக்கொள்ளுங்கள். சிற்றுண்டியை வாசிப்பு முடிந்த பிறகு கொடுங்கள், ஏனென்றால் எவர்சில்வர் தட்டுக்கும், வீணையின் மிகத் தாழ்ந்த ஒலியுள்ள அனுமந்திரத் தந்திக்கும் ஆகாது. குளிர்சாதனப் பெட்டி அடுத்த அறையில் இருந்தாலும் அதன் முனகல் கேட்கும். ஒரு மணி நேரம் அணைத்து வைத்தால் பால் கெட்டுவிடாது.

இப்போது நான் உடையில் குத்தியிருக்கும் இந்தச் சிறிய ஒலிவாங்கியைக் கழற்றிவிட்டு, கைப்பேசியை வீணையின் குடத்திலிருந்து சரியாக ஒன்பது அடி தள்ளி வைக்கப் போகிறேன். அந்த யதுகுலகாம்போதிப் பிடியையே நான்கு தடவை வாசிக்கிறேன். ஒலியளவை ஏற்றாதீர்கள். உங்கள் பக்கத்து விசிறியை நிறுத்திவிட்டு, ஐந்தாவது சுவரம் கேட்டதா, ஆறாவதும் கேட்டதா என்று மட்டும் கீழே எழுதுங்கள். தங்கை சுண்ணக்கட்டியோடு தயாராக நிற்கிறாள்.