எலி வளையானாலும் தனி வளை

பெருமதிப்பிற்குரிய தலைவர் அவர்களே, எனக்கு முன் பருவமழையைப் பற்றி அரியதோர் உரை நிகழ்த்தி அமர்ந்திருக்கும் பேராசிரியர் அவர்களே, விழாவைக் கண்ணும் கருத்துமாக நடத்திவரும் செயலாளர் அவர்களே, பொன்னாடை போர்த்திய நூலகர் அவர்களே, இடமின்றிப் பின்னால் நின்றுகொண்டிருக்கும் மாணவச் செல்வங்களே, அனைவருக்கும் வணக்கம். உடல்நலம் குன்றிய நிலையிலும் தலைவர் அவர்கள் வந்திருப்பது இந்த அவைக்குப் பெருமை.

வெம்பாலையில் காட்டுயிர்கள் வாழும் விதத்தை நீர், வெப்பம் என்று இரண்டாகப் பகுத்துச் சொல்ல எண்ணியிருக்கிறேன். ஒட்டகத்தை நீங்கள் அறிவீர்கள். நான் கல்கௌதாரி என்ற பாலைப் பறவையிலிருந்து தொடங்குகிறேன்.

1896-இல் மீட்-வால்டோ என்ற ஆங்கிலேயர், தாம் கூண்டில் வளர்த்த கல்கௌதாரிகளைப் பற்றி ஒரு செய்தி எழுதினார். ஆண் பறவை தண்ணீரில் இறங்கி வயிற்றுச் சிறகுகளை நனைத்துக்கொண்டு வருகிறது, குஞ்சுகள் அந்த ஈரத்தைக் குடிக்கின்றன என்றார். படித்தவர்கள் நம்பவில்லை. பறவை சிறகில் தண்ணீர் சுமக்குமா என்றார்கள். அவர் கண்ணால் கண்டதைச் சொன்னார். உலகம் காது கொடுக்கவில்லை! 1967-இல்தான் கேட், மக்லீன் என்ற இருவர் ஆப்பிரிக்காவின் கலஹாரிப் பாலையில் ஆராய்ந்து அதை உறுதிசெய்தார்கள். அந்தத் தந்தை என்ன செய்கிறது தெரியுமா? நீர்நிலையில் வயிறு அமிழ நின்று உடலை ஆட்டி ஆட்டி நனைகிறது. அச்சிறகின் இழைகள் சுருள் சுருளாக இருப்பவை. நனைந்ததும் விரிந்து நீரைப் பிடித்துக்கொள்கின்றன. ஏறத்தாழ 25 மில்லி. அதைச் சுமந்துகொண்டு சில வேளை 30 கிலோமீட்டர் கூடப் பறந்து வருகிறது. நிமிர்ந்து நிற்கும் தந்தையின் வயிற்றடியில் குஞ்சுகள் முண்டியடித்து, அலகால் சிறகை உருவி உருவிக் குடிக்கின்றன. தாய்மார்களே, தந்தைப்பாசத்துக்கு இதைவிட என்ன சாட்சி வேண்டும்?

இனி வெப்பம். நண்பகலில் பாலை மணல் 70 டிகிரி செல்சியஸ் வரை கொதிக்கும். சில அடி ஆழத்தில் அதில் பாதிகூட இராது. அதனால்தான் சிறு விலங்குகள் பகலை மண்ணுக்குள் கழிக்கின்றன. எலி வளையானாலும் தனி வளை என்றார்கள் நம் முன்னோர். வட அமெரிக்கப் பாலைகளின் கங்காரு எலி அந்த வளையின் வாயையும் பகலில் மண்ணால் அடைத்துக்கொள்கிறது. அது விடும் மூச்சின் ஈரம் உள்ளேயே தங்குகிறது. சேமித்த விதைகள் அதை உறிஞ்சிக்கொள்கின்றன. எலி அந்த விதையைத் தின்கிறது. தண்ணீரே குடிக்காமல் அது வாழ்நாளைக் கழித்துவிடும்.

இந்த வளைகளின் மேல்தான் இன்று பொழுதுபோக்குக்காக வண்டி ஓட்டுகிறார்கள். என் நெஞ்சு கொதிக்கிறது. சக்கரம் ஏறினால் வளை இடிகிறது. தப்பிய உயிரை இரைச்சல் கெடுக்கிறது. ஆந்தையும் பாம்பும் பாயும் மெல்லிய ஓசையைக் கேட்டுத் தப்பும் கங்காரு எலிக்கு, மணல்மேட்டு வண்டிகளின் பதிவுசெய்த ஒலியைக் கேட்கவைத்து ஆராய்ந்தார்கள். அதன் செவி மந்தமானது. மீளப் பல நாட்கள் ஆயின. வட அமெரிக்காவின் சொனோரன் பாலையில் ஒருவகைத் தேரை ஆண்டின் பெரும்பகுதி புதைந்து கிடந்து, கோடை இடிமழையின் அதிர்வில்தான் வெளியே வரும். மோட்டார் சைக்கிள் ஒலியை இடியென்று எண்ணி அது மழையில்லாத வேளையில் மேலே வந்துவிட்டது. எலி வளையானாலும் தனி வளை! அதையும் பறித்தால் அந்த உயிர் எங்கே போகும்?

அமெரிக்காவின் மோஹாவி பாலையில் வாழும் ஆமை சிறுநீர்ப்பையில் நீரைச் சேமித்துக் கோடையைக் கடக்கிறது. வேடிக்கைக்காக யாரேனும் அதைக் கையில் தூக்கினால் அச்சத்தில் அத்தனையும் வெளியேற்றிவிடும். பிறகு தாகத்தால் சாகவும் கூடும்.

ஆகவே உங்களிடம் ஒன்று கேட்கிறேன். பாலைவனச் சுற்றுலா சென்றால் மணல்மேட்டில் வண்டி ஓட்டும் டிக்கெட்டை வாங்காதீர்கள். குறித்த தடத்தை விட்டு வண்டி விலகக் கூடாது என்று கோரும் மனு வாசல் மேசையில் இருக்கிறது. தலைவர் அவர்கள் முதல் கையெழுத்திட வேண்டுமென்று பணிவோடு அழைக்கிறேன். மாணவர்கள் அடுத்து வாருங்கள்.