கனகாம்பர நிறத்தில் ஒரு தலை

நேயர்களுக்கு வணக்கம்.

22 வருடமாகச் சென்னையில் பார்லர் வைத்திருக்கிறேன். தலைமுடிக்குக் கலர் போடுவதுதான் என் தொழில். சித்திரை பிறந்துவிட்டால் கடைக்கு வரும் காலேஜ் பிள்ளைகள் பலர் கேட்பது ஆரஞ்சு. அதுவும் மங்கலாக இல்லை, கனகாம்பரப் பூ மாதிரிப் பளிச்சென்று வேண்டும் என்பார்கள். கூட வந்திருக்கும் அம்மாவின் முகம் அப்போதே வாடிவிடும். அந்த அம்மா, பிள்ளை இரண்டு பேரிடமும் சேர்த்துப் பேசத்தான் இன்று வந்திருக்கிறேன்.

அம்மாக்களே, ஆரஞ்சுத் தலை நமக்குப் புதிதில்லை. நரைத்த தலைக்கு மருதாணி அரைத்து வைத்த பாட்டியைப் பார்த்திருப்பீர்கள். நான் வளர்ந்தது நாகூரில். எங்கள் தெருவில் இருந்த பாய் ஒருவருக்கு மார்பு வரை தாடி, அதற்குத் தவறாமல் மருதாணி போடுவார். சாயங்கால வெயிலில் அவர் திண்ணையில் உட்கார்ந்திருக்கும்போது அந்தத் தாடி தணல் மாதிரி ஜொலிக்கும். மருதாணி இலையில் லாசோன் என்று ஒரு சாயம் இருக்கிறது. அது முடியின் கெரட்டின் புரதத்தைப் பிடித்துக்கொண்டால் எத்தனை முறை குளித்தாலும் எளிதில் போகாது. வெள்ளை முடியில் அது ஆரஞ்சாகவே தெரியும். கறுப்பு முடியில் வெயிலில் நின்றால் மட்டும் ஒரு செம்மை தட்டும்.

கறுப்பு முடிக்காரர்களுக்கு அந்தப் பளிச்சென்ற நிறம் எங்கே இருந்து வரும்? அவர்கள் முடிக்குள்ளேயே இருக்கிறது. நாள் முழுக்க வெயிலிலும் உப்புக் காற்றிலும் ஓடி ஆடும் பிள்ளைகளின் தலையைப் பாருங்கள், நுனி செம்பட்டையாக இருக்கும். கறுப்பு வெளுத்தால் நேரே வெள்ளையாகிவிடாது. முதலில் சிவப்பு, அப்புறம் செம்பு, அப்புறம் ஆரஞ்சு, அதையும் தாண்டித்தான் மஞ்சள். பார்லரில் பிளீச் செய்வதும் இதே வழிதான். பிளீச் தடவிய முடியைச் சுற்றியிருக்கும் ஃபாயிலைப் பிரித்துப் பிரித்துப் பார்த்துக்கொண்டே இருப்பேன். முதலில் கருஞ்சிவப்பாகத் தெரியும், கொஞ்ச நேரத்தில் புதுச் செம்புக் குடம் மாதிரி ஆகும், அப்புறம் பழுத்த ஆரஞ்சுத் தோல் நிறத்துக்கு வரும். அந்த இடத்தில் கழுவிவிடுவேன். நீலமோ இளஞ்சிவப்போ கேட்டால் அங்கே நிறுத்த முடியாது. வாழைப்பழத் தோலின் உட்பக்கம் மாதிரி வெளிர் மஞ்சள் வரும்வரை வெளுக்க வேண்டும். அதற்குள் முடி பாதி செத்துவிடும். அதனால் கோடையில் ஒரு கலர்தான் போட வேண்டும் என்று பிடிவாதமாக வரும் பிள்ளையிடம், ஆரஞ்சே போடும்மா என்று நானே சொல்வேன். நம் முடிக்கு இருக்கிற பளிச் கலர்களில் சேதம் குறைவானவற்றில் அதுவும் ஒன்று.

பிளீச் பவுடரோடு கலக்கும் திரவத்துக்கு டெவலப்பர் என்று பெயர், அதன் வீரியத்தை வால்யூம் என்போம். 20 வால்யூம் என்றால் 6 சதவீத ஹைட்ரஜன் பெராக்சைடு, 40 வால்யூம் என்றால் 12 சதவீதம். ஆரஞ்சுக்கு 20 போதும். சீக்கிரம் முடிய வேண்டும் என்று 40 கேட்காதீர்கள். இன்னொன்று, அக்னி நட்சத்திர நேரத்தில் மண்டைத் தோலில் படுகிற மாதிரி பிளீச் போட நான் ஒத்துக்கொள்வதில்லை. பிளீச் பட்ட தோலில் வியர்வை ஊறினால் அந்த எரிச்சல் தாங்காது. வேர்ப் பக்கம் ஒரு அங்குலம் கறுப்பாகவே விட்டு அதற்குக் கீழேதான் தொடங்குவேன். இதில் ஒரு லாபமும் உண்டு. முடி மாதம் ஒரு சென்டிமீட்டருக்குக் கொஞ்சம் மேலே வளரும். வேர் கறுப்பாக இருந்தால் வளர்ந்தது தனியாகத் தெரியாது, டச்சப் என்று ஓடி வர வேண்டியதில்லை.

இங்கே என் கடையில் நடந்த ஒன்றைச் சொல்ல வேண்டும். பல வருடம் முன்பு ஒரு தம்பி வந்தார். முன்னால் ஏதாவது போட்டிருக்கிறீர்களா என்று கேட்டேன். “ஹென்னா மட்டும்தான் அக்கா, பாக்கெட்டில் வருமே, அது” என்றார். மருதாணிதானே என்று பிளீச் வைத்துவிட்டேன். பத்து நிமிஷம் கழித்துக் கை வைத்தால் ஃபாயில் கொதிக்கிறது. ஓடிப்போய்க் கழுவினேன். நுனி முடி ரப்பர் மாதிரி இழுபட்டுக் கையோடு வந்தது. ஹென்னா என்ற பெயரில் விற்கும் எல்லாப் பவுடரும் வெறும் இலை இல்லை. சிலவற்றில் உலோக உப்பு கலந்திருக்கும், அது பெராக்சைடோடு சேர்ந்தால் சூடு கிளம்பும். வாயால் கேட்டதோடு நிறுத்திக்கொண்டேனே தவிர, சோதித்துப் பார்க்கவில்லை. அந்தத் தம்பியின் தலையை அன்று ஒட்ட வெட்டிவிட வேண்டியதாயிற்று. அதன் பிறகு சீப்பில் சிக்கிய நாலு முடியைக் கிண்ணத்தில் பிளீச்சோடு போட்டுப் பார்க்காமல் யார் தலையையும் நான் தொடுவதில்லை. கலரையும் காதுக்குப் பின்னால் ஒரு பொட்டு வைத்து 48 மணி நேரம் காத்திருந்து பார்க்க வேண்டும். அரித்தாலோ சிவந்தாலோ வேண்டவே வேண்டாம்.

வெளுத்த முடிமேல் நாங்கள் பூசும் ஆரஞ்சு, செமி பர்மனன்ட் வகை. அது மருதாணி மாதிரிப் பிணைந்துகொள்ளாது, பெரும்பாலும் முடியின் மேலோடு தங்கும். அதனால் ஒவ்வொரு குளியலிலும் கொஞ்சம் போகும். முதல் இரண்டு மூன்று குளியலில் தண்ணீர் ரஸ்னா மாதிரி ஓடும், பயப்படாதீர்கள். அந்த வாரம் வெள்ளைச் சட்டை வேண்டாம், வியர்த்தால் காலரில் இறங்கும். தலையணைக்குப் பழைய உறை போடுங்கள், துவட்ட ஒரு பழைய துண்டைத் தனியாக வையுங்கள்.

கோடையில் தினமும் தலை குளிக்காமல் இருக்க முடியாதே என்பார்கள். குளியுங்கள், ஆனால் ஷாம்பு வாரம் இரண்டு தடவை போதும், சல்ஃபேட் இல்லாத ஷாம்பு. மற்ற நாளில் வெறும் தண்ணீரில் வியர்வையை அலசினால் போதும். எந்த நேரத்துத் தண்ணீர் என்பதுதான் இங்கே விஷயம். மத்தியானம் இரண்டு மணிக்கு மொட்டை மாடித் தொட்டியில் இருந்து வரும் தண்ணீர் அடுப்பில் வைத்த மாதிரி இருக்கும். சூடான தண்ணீர் கலரை உருவி எடுத்துவிடும். விடியற்காலையில் தொட்டி ஆறியிருக்கும், அப்போது குளியுங்கள். போர் தண்ணீரில் இருக்கும் உப்பு முடியில் படிந்து ஆரஞ்சை மங்கலாக்கும், முடியும் சொரசொரவென்று ஆகும். கடைசி அலசலுக்கு மட்டும் இரண்டு சொம்பு ஃபில்டர் தண்ணீர் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். எலுமிச்சை தேய்க்காதீர்கள். எலுமிச்சையும் வெயிலும் சேர்ந்தால் நிறம் இன்னும் வெளுக்கும்.

எண்ணெய் வைக்கலாமா? எல்லா அம்மாவும் கேட்கும் கேள்வி. சனிக்கிழமை நல்லெண்ணெய் தேய்த்துச் சீயக்காய் போட்டு அரக்கித் தேய்த்தால் கலர் அந்த வாரமே முக்கால்வாசி போய்விடும். எண்ணெய்க்குளியலை விட மனமில்லை என்றால் இந்தக் கலர் உங்களுக்கு வேண்டாம், நேராகவே சொல்லிவிடுகிறேன். தேங்காய் எண்ணெய் கொஞ்சம் வைக்கலாம். அது முடிக்குள்ளே இறங்கும், முடியின் புரதம் தண்ணீரோடு போவதைக் குறைக்கும். ஷாம்பு போடும் நாளில் அரை மணி நேரம் முன்பு நுனியில் மட்டும் தடவுங்கள்.

நீச்சல் குளத்துக்குப் போகிறவர்கள் முதலில் நல்ல தண்ணீரில் தலையை நனைத்து, தேங்காய் எண்ணெய் தடவி, தொப்பி மாட்டிக்கொண்டு இறங்குங்கள். ஏற்கெனவே தண்ணீர் குடித்த முடி குளோரின் தண்ணீரை அவ்வளவாகக் குடிக்காது. டூவீலரில் போகிறவர்கள் ஹெல்மெட்டுக்கு உள்ளே மெல்லிய பருத்தித் துணி கட்டுங்கள், வியர்வையை அது இழுத்துக்கொள்ளும். நடந்து போகும்போது குடையோ துப்பட்டாவோ கட்டாயம். வெயிலின் புற ஊதாக் கதிர் சாயத்தையே உடைக்கும், எந்த ஷாம்புவும் அதைத் தடுக்காது. பத்து நாளுக்கு ஒரு தடவை அதே ஆரஞ்சுச் சாயத்தில் இரண்டு ஸ்பூன் எடுத்துக் கண்டிஷனரில் குழைத்து அரை மணி நேரம் ஊற வைத்தால் நிறம் திரும்ப ஏறும். கையுறை போட மறக்காதீர்கள்.

அப்படியும் ஜூன் வாக்கில் வெளுக்கத்தான் செய்யும். நீலம் வெளுத்தால் பாசி பிடித்த மாதிரி ஆகும். ஆரஞ்சு அப்படி இல்லை, அடியில் இருப்பதும் அதே குடும்பத்து நிறம் என்பதால் தேன் நிறத்துக்கு இறங்கி, பார்க்க நன்றாகவே இருக்கும்.

போன வருடம் ஒரு பெண் காலேஜ் முடித்த கையோடு ஆரஞ்சு போட்டுக்கொண்டாள். ஜூலையில் வேலைக்கு இன்டர்வியூ வந்துவிட்டது. அம்மாதான் பதறிக்கொண்டு கூட்டி வந்தார். “பழையபடி ஆகிடுமா மேடம்?” என்றார். வெளிர் மஞ்சள் வரை வெளுத்த முடியாக இருந்தால் கஷ்டம். அதன்மேல் நேராகப் பிரவுன் போட்டால் பச்சை தட்டும், முதலில் செம்மையை நிரப்பிக்கொண்டுதான் போட வேண்டும். இவள் தலையில் அந்தச் செம்மை அப்படியே இருந்தது. கரும்பிரவுன் ஒரே பூச்சில் உட்கார்ந்தது. அம்மா ஒரு முடியைப் பிரித்து ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்துவிட்டு, “அடுத்த சித்திரைக்குப் பாக்கலாம்டி” என்றார்.

நன்றி, வணக்கம்.