தறிச் சத்தத்துக்கு நடுவே ஒரு படப்பிடிப்பு

நேயர்களுக்கு வணக்கம். குமாரபாளையம், பள்ளிபாளையம் பக்கத்தில் இருந்து கேட்பவர்களுக்கு விசைத்தறியின் சத்தத்தை நான் விளக்கத் தேவையில்லை. என் தந்தையார் தறி ஓட்டியவர். பட்டறையில் இருந்து வீட்டுக்கு வந்த பிறகும் ஒரு மணி நேரம் உரக்கவே பேசுவார். காதுக்குள் தறி இன்னும் ஓடிக்கொண்டிருக்கும்.

அதனால்தான் மாலேகாவ் என்ற ஊர் எனக்கு அந்நியமாகத் தோன்றவில்லை. மும்பையில் இருந்து ஏறத்தாழ 280 கிலோமீட்டர் தொலைவில், நாசிக் மாவட்டத்தில், மோசம் ஆற்றின் இரு கரையிலும் அமைந்த விசைத்தறி நகரம் அது. 2006ஆம் ஆண்டு குண்டுவெடிப்புச் செய்தியால் மட்டுமே பலரும் அறிந்திருந்த அந்த ஊருக்குள், சூப்பர்மேன் கதையைத் தங்கள் ஊர்ப் பாணியில் படமாக எடுக்கும் ஒரு நண்பர் கூட்டம் இருப்பதைக் காட்டியது, ஃபைஸா அகமது கான் 2008இல் எடுத்த ‘மாலேகாவின் சூப்பர்மேன்கள்’ என்ற ஆவணப்படம்.

அந்தக் கூட்டத்தின் நடுநாயகம் ஷேக் நாசிர். வீடியோவில் படம் போட்டுக் காட்டும் சிறு அரங்கான வீடியோ பார்லர் நடத்தியவர். ஓயாமல் படம் பார்த்தே படம் எடுக்கக் கற்றவர். இந்த இடத்தில் சற்று நின்று பேச விரும்புகிறேன், ஏனெனில் எனக்கு மிகவும் பிடித்தது இதுதான். கேமரா ஓடிக்கொண்டே படம் பிடிக்கத் தண்டவாளம் வேண்டும். நாசிர் கேமராவுடன் சைக்கிளில் உட்கார்ந்துகொள்கிறார், நண்பர்கள் தள்ளுகிறார்கள். உயரத்தில் இருந்து எடுக்கக் கிரேன் வேண்டும். மாட்டு வண்டி கிரேனாகிறது. சூப்பர்மேன் வானில் பறக்க வேண்டும். பின்னால் கட்டிய பச்சைத் துணி ஒன்று போதுமானதாகிறது; அந்தப் பச்சையைப் பிறகு கணினியில் வானமாக மாற்றிக்கொள்கிறார்கள். உதிரிபாகம் கிடைக்காத நாளில் கையில் அகப்பட்டதை வைத்துத் தறியை ஓடவைத்த மேஸ்திரிகளை நான் சிறுவயதில் பார்த்திருக்கிறேன். அதே கைத்திறனைத்தான் இங்கும் கண்டேன். இதைப் பார்த்துச் சிரிப்பவர்கள் உண்டு. ஆனால் ஆவணப்படம் நாசிரையும் நண்பர்களையும் கேலிப்பொருளாக்காமல், வேலை தெரிந்தவர்களாகவே காட்டுகிறது என்பதைச் சொல்லியாக வேண்டும்.

படப்பிடிப்பின் நடுவே கேமரா தண்ணீருக்குள் விழுந்துவிடுகிறது. பெரிய கம்பெனியாக இருந்தால் வேறொரு கேமரா வந்திருக்கும். இங்கே அது பழுது நீங்கி வரும்வரை எல்லாரும் காத்திருக்கிறார்கள். நூல் அறுந்து தறி நின்றுவிட்டால் பட்டறையில் சட்டென்று இறங்குமே ஓர் அமைதி, அதை அந்த முகங்களில் பார்த்தேன்.

அந்தக் குழுவின் எழுத்தாளர் ஃபரோக் ஜாஃப்ரியைப் பற்றியும், மும்பை மீது அவருக்கு இருந்த ஏக்கத்தைப் பற்றியும் விரிவாகச் சொல்ல நினைத்திருந்தேன். நிலையத்தார் கடிகாரத்தைக் காட்டுகிறார்கள். ஒன்றை மட்டும் சொல்லிவிடுகிறேன். சூப்பர்மேனாக நடித்த ஷஃபீக், தறித் தொழிலாளி. படப்பிடிப்புக்கு இடையிலேயே அவருக்குத் திருமணமும் நடந்தது. 2011இல் புற்றுநோயால் காலமானார். மெலிந்த உடலும் சிவப்பு மேலங்கியுமாக அவர் பறக்க முயலும் அந்தக் காட்சியை, வாய்ப்புக் கிடைத்தால் நேயர்கள் பாருங்கள். வணக்கம்.